டிரேட்மார்க்கா, புவிசார் குறியீடா?

“ஈரோடு மஞ்சளுக்குத்தான் முத்திரை கிடைச்சாச்சே, எனக்குத் தனியா எதுக்குங்க?” மஞ்சள் தூள் அரைத்து பாக்கெட் போடும் சிறு வியாபாரிகள் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஊர்ப் பொருளுக்குக் கிடைக்கும் புவிசார் குறியீடும், கடைக்காரர் தனியாகப் பதியும் டிரேட்மார்க்கும் வேறு வேறு.

புவிசார் குறியீடு, அதாவது இந்தப் பொருள் இந்த ஊருக்கே உரியது என்று காட்டும் முத்திரை, ஊருக்குச் சொந்தம். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் கிடைத்தது. பவானி ஜமக்காளம், கோவை கோரா காட்டன், கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் ஆகியவையும் பட்டியலில் உண்டு. இதை யாரும் விற்க முடியாது, தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் முடியாது. அந்தப் பகுதி உற்பத்தியாளர் சென்னையிலுள்ள பதிவகத்தில் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ ஆகச் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் காகிதம் வந்ததும் போலி ஓடிவிடாது. கைத்தறி ஜமக்காளம் போலவே விசைத்தறியில் நெய்து மலிவாக விற்பது நின்றபாடில்லை.

டிரேட்மார்க், அதாவது உங்கள் சரக்கை அடையாளம் காட்டும் பெயர் அல்லது சின்னம், உங்களுடைய தனிச் சொத்து. விற்கலாம், உரிமம் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். பொருளின் வகுப்பை (பொருள் வகைக்கான எண்) பார்த்துப் பதிய வேண்டும்: மஞ்சள் தூளுக்கு 30, திருப்பூர் பனியனுக்கு 25. பதிவாவதற்கு முன்பே, பதிவானது என்று காட்டும் வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்டால் சட்டப்படி தவறு. அதுவரை ‘டிஎம்’ (டிரேட்மார்க் என்பதன் சுருக்கம்) போதும். (பல பாக்கெட்டுகளில் இதைக் கண்டுகொள்வதே இல்லை.) ‘ஈரோடு மஞ்சள்’ என்பதையே டிரேட்மார்க்காகக் கேட்டால் கிடைக்காது, உங்கள் கடைக்கென்று ஒரு பெயர் வேண்டும்.

ஆயுள் இரண்டுக்குமே 10 ஆண்டு, அப்புறம் புதுப்பிக்கலாம்.

கையில் காசு குறைவென்றால் முதலில் டிரேட்மார்க்குக்குப் போடுங்கள். பக்கத்துக் கடைக்காரர் உங்கள் பெயரிலேயே பாக்கெட் போட்டால் ஊர் முத்திரை உதவாது, அவரும் ஈரோட்டுக்காரர்தானே!