மிச்ச நூல் மூட்டை, 25 வெள்ளி (ரிங்கிட்): வாங்கலாமா?

மலேசியாவின் கேமரன் மலையில், எங்கள் ரிங்லெட்டில் ராத்திரி வாசலில் உட்கார ஸ்வெட்டர் வேண்டும். அப்பாவுக்கு அதுவும் போதாது. தேயிலைக் காட்டில் முப்பது வருடம் ஏறி இறங்கிய முட்டி, பனி விழுந்தால் குடைய ஆரம்பித்துவிடும். மடியில் போட்டுக்கொள்ள ஒரு போர்வை பின்னலாம் என்று இணையக் கடை ஒன்றில் இந்த மூட்டையை வாங்கினேன். ‘மிச்ச உல்லன் நூல், அரைக் கிலோ, 100 விழுக்காடு கம்பளி’ என்று போட்டிருந்தார்கள். என் பிஸ்கட் டின்னில் கிடந்த துண்டு நூலோடு சேர்த்தால் சரியாக வரும் என்பது கணக்கு.

சமையல் தராசில் வைத்தேன். பிளாஸ்டிக் பையோடு 462 கிராம். சரி, போகட்டும். மொத்தம் 23 உருண்டை. நிறத்தில் குறை சொல்ல முடியாது: கத்தரிப்பூ, மஞ்சள், மைலோ டின் பச்சைகூட இருந்தது.

ஆனால் சில உருண்டையை அழுத்தினால் கிறீச்சென்றது. கைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் விரல்நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, சிங்க் மேல் மெழுகுவர்த்தியில் காட்டினேன். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், தீயை விட்டு எடுத்தால் அணையும், கரி விரலில் பொடியும். அக்ரிலிக் என்கிற செயற்கை நூல் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். 23இல் முடி நாற்றம் அடித்தது ஒன்பதுதான். விற்றவருக்குப் படம் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு சிரிக்கிற முகம் வந்தது, பணம் வரவில்லை.

போர்வைக்கு அக்ரிலிக் மோசமில்லை; மெஷினில் போட்டாலும் சுருங்காது. கம்பளியோ சுடுதண்ணீரில் அலசினால் குறுகித் தடித்துவிடும். இரண்டையும் ஒரே போர்வையில் கலந்தால் முதல் சலவையிலேயே கோணல்தான். அதனால் ஒன்பதையும் குல்லாவுக்கு ஒதுக்கிவிட்டு, பதினாலையும் டின்னில் இருந்ததையும் வைத்துக் கட்டம் கட்டமாகப் பின்னினேன்.

4 மில்லிமீட்டர் ஊசி. இரண்டு கண்ணியில் (ஊசியில் ஏற்றுகிற நூல் வளையம்) தொடங்கி வரிக்கு ஒன்று கூட்டி, 36 வந்ததும் வரிக்கு ஒன்று குறைத்தால் மூலைவாட்டில் சதுரம் வந்துவிடும், பக்கம் சுமார் 13 சென்டிமீட்டர். ஒரு கட்டத்துக்கு 7 கிராம் ஆனது. துண்டு நூலுக்கு இதைவிட வசதி கிடையாது: தராசு 4 கிராம் காட்டினால் பாதிக் கட்டம் வரும், 36இல் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். பாதி வரியில் நூல் தீர்ந்து முழிக்கிற வேலையே இல்லை. இப்படி 48 கட்டம், எட்டுக்கு ஆறு.

முதல் கட்டத்தை நானே கெடுத்தேன். ஓரம் சுருண்டது என்று இஸ்திரிப்பெட்டியை வைத்து அழுத்தினேன். பளபளவென்று தொங்கிப்போன அப்பளம் மாதிரி ஆகி, பிறகு நிமிரவேயில்லை. அக்ரிலிக்கை ஈரமாக்கி, குண்டூசி குத்தி, காயவிட்டால் போதும். கேமரன் மழையில் அது காய இரண்டு நாள் ஆனது வேறு கதை.

25 வெள்ளிக்கு இன்னொரு தடவை வாங்க மாட்டேன். அக்ரிலிக் என்று நேராக எழுதி 15க்குக் கொடுத்தால் வாங்குவேன், அந்தப் பச்சைக்காகவே. அப்பா அந்தக் கட்டம் மேலே தெரிகிற மாதிரிதான் போர்வையை மடித்துப் போட்டுக்கொள்கிறார்.