ஒரு ஜிபிக்கு எத்தனை ஃபிளாப்பி? ஆறு விடைகளும் அவற்றில் நம்பத்தக்கவையும்

ஒரு ஜிபி அளவுள்ள தரவை 3.5 அங்குல ஃபிளாப்பிகளில் அடைக்க எத்தனை வேண்டும்? ஒரு ஃபிளாப்பி 1.44 எம்பி, ஒரு ஜிபி 1000 எம்பி என்று எடுத்து ஆயிரத்தை 1.44-ஆல் வகுத்தால் 695. ஜிபி என்பது 1024 எம்பி என்று வைத்துக்கொண்டால் 712. ஃபிளாப்பியில் உள்ள பைட்டுகளை எண்ணி, நூறு கோடி பைட்டை அதனால் வகுத்தால் 679. அதே எண்ணால் 1024-இன் மடங்காக வரும் ஜிபியை வகுத்தால் 729. கோப்பு அட்டவணைக்குப் போகும் இடத்தைக் கழித்தால் இந்தக் கடைசி இரண்டும் 687, 737 என்று மாறும். ஒரே கேள்விக்கு ஆறு விடைகள். சிறியதற்கும் பெரியதற்கும் இடையே 58 ஃபிளாப்பி, அதாவது பத்து பத்தாக வந்த அட்டைப் பெட்டிகளில் ஆறு.

முதல் இரண்டு விடைகளும் தவறு. மற்ற நான்கும் அதனதன் இடத்தில் சரி. பழைய ஃபிளாப்பி, ஜிப் டிஸ்க், சிடிகளிலிருந்து தரவை மீட்க நினைக்கிற எவருக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு இடம் ஒதுக்குவது, எடுத்த நகல் முழுசாக இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இந்த எண்களில்தான் இருக்கிறது.

முதலில் ஜிபியையே பார்ப்போம். பத்தின் மடங்கில் எண்ணினால் ஒரு ஜிபி சரியாக 100 கோடி பைட். இரண்டின் மடங்கில் எண்ணினால் 1,07,37,41,824 பைட். கேபி அளவில் இந்த இடைவெளி 2.4 சதவீதம்தான், எம்பியில் ஏறக்குறைய 4.9, ஜிபியில் 7.4, டிபியில் 10 சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது. ஹார்ட் டிஸ்க் தயாரிப்பாளர்கள் பத்தின் மடங்கில் எண்ணுகிறார்கள். விண்டோஸ் இரண்டின் மடங்கில் எண்ணிவிட்டு, பெயரை மட்டும் ஜிபி என்றே போடுகிறது. 1 டிபி என்று வாங்கிய டிஸ்க் 931 ஜிபி என்று தெரிவது இதனால்தான். ஆப்பிள் 2009-இல் மேக் ஓஎஸ் 10.6 பதிப்பிலிருந்து பத்தின் மடங்குக்கு மாறிவிட்டது. இரண்டின் மடங்குக்கென்றே கிபி, மெபி, கிபிபைட், மெபிபைட் போன்ற தனிப் பெயர்களை சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் ஏற்றுக்கொண்டது. அந்தப் பெயர்கள் லினக்ஸ் வட்டாரத்தைத் தாண்டி அதிகம் பரவவில்லை. என் தேர்வு எளிது: மாற்றுக் கணக்கு முழுவதையும் பைட்டில் போட வேண்டும். எம்பி, ஜிபி என்ற பெயர்களைக் கடைசியில், பிறருக்குச் சொல்லும்போது மட்டும் பயன்படுத்தலாம்.

ஃபிளாப்பியின் சிக்கல் இன்னும் ஒரு படி ஆழமானது. 1.44 எம்பி என்பது மேலே சொன்ன இரண்டு எம்பிகளிலும் சேராது. ஒரு பக்கத்துக்கு 80 டிராக் (வட்டப் பாதை), இரண்டு பக்கம், டிராக்குக்கு 18 செக்டர் (பாதையின் துண்டு), செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். இதை 1024-ஆல் வகுத்தால் 1440 கேபி. 360, 720 என்று இரட்டித்துக்கொண்டே வந்த வரிசையில் அடுத்த எண் அது. அந்த 1440-ஐ மறுபடி 1024-ஆல் வகுக்காமல் ஆயிரத்தால் வகுத்து 1.44 என்று அச்சிட்டார்கள். ஒரு முறை 1024, ஒரு முறை 1000. ஆகவே 1.44-ஐ எந்த எம்பியோடு சேர்த்துக் கணக்குப் போட்டாலும் விடை பிசகும். 695-ம் 712-ம் அப்படிப் பிறந்தவை.

இந்த 14,74,560-ம் முழுவதுமாகக் கோப்புகளுக்குக் கிடைப்பதில்லை. பழைய பிசி இயங்குதளமான டாஸின் வடிவமைப்பில் தொடக்கச் செக்டர் ஒன்று, கோப்பு இருப்பிட அட்டவணையின் இரண்டு பிரதிகளுக்கு 18, வட்டின் முதல்நிலைக் கோப்புப் பட்டியலான மூல அடைவுக்கு 14, ஆக 33 செக்டர் போய்விடும். மிச்சம் 2847 செக்டர், 14,57,664 பைட். அலகு மாற்றும் கருவிகள் சில ஒரு ஃபிளாப்பி என்று எடுத்துக்கொள்வது இந்தச் சிறிய எண்ணைத்தான். கோப்புகளை அடுக்குவதற்கு இது சரி. வட்டின் முழு நகலுக்கு, அதாவது இமேஜ் எடுப்பதற்கு, இது தவறு.

இடம் இருந்தும் கோப்பு ஏறாத நிலையும் உண்டு. மூல அடைவில் 224 பதிவுகளுக்குத்தான் இடம். விண்டோஸ் 95 கொண்டுவந்த நீண்ட கோப்புப் பெயர்கள் 13 எழுத்துக்கு ஒரு பதிவு வீதம் எடுத்துக்கொண்டு, குறும்பெயருக்கும் ஒன்று கேட்கும். முப்பது எழுத்துப் பெயர் என்றால் நான்கு பதிவு. 56 கோப்போடு ஃபிளாப்பி நிறைந்துவிட்டதாகச் சொல்லிவிடும், உள்ளே பாதி இடம் காலியாக இருந்தாலும். ஓர் உள் அடைவை உருவாக்கி அதற்குள் போட்டால் இந்தத் தடை இல்லை.

ஃபிளாப்பி என்பதே எல்லாக் கணினிக்கும் ஒரே அளவாக இருந்ததில்லை. ஊருக்கு ஒரு படி இருந்த மாதிரிதான். 1.44 எம்பிக்கு முந்தைய, இரட்டை அடர்த்தி என்று அழைக்கப்பட்ட ஒரே வகை 3.5 அங்குல வட்டில் பிசி 7,37,280 பைட் எழுதியது. மேக்கிண்டாஷ் வட்டின் சுழல் வேகத்தை மாற்றி 8,19,200 பைட் எழுதியது. அமிகா கணினி டிராக்குக்கு 11 செக்டர் திணித்து 9,01,120 பைட் எழுதியது. மைக்ரோசாஃப்ட் கூடத் தன் மென்பொருளின் 1.44 எம்பி வகை நிறுவல் வட்டுகளில் டிராக்குக்கு 21 செக்டர் வைத்து 17,20,320 பைட் வரை ஏற்றியது. ஃபிளாப்பியில் வந்த விண்டோஸ் 95 பதிமூன்று வட்டுகளில் அடங்கியது அப்படித்தான். வட்டின் மேல் ஒட்டிய சீட்டை நம்பாமல் எந்த இயந்திரத்தில் எழுதியது என்று முதலில் கேட்க வேண்டும்.

எழுதாத வட்டின் மொத்த அளவை வைத்து ஒப்பிட்டால்:

| ஊடகம் | மொத்த பைட் | 100 கோடி பைட்டுக்கு | 1024 மடங்கு ஜிபிக்கு |
|---|---|---|---|
| 5.25 அங்குலம், 360 கேபி | 3,68,640 | 2713 | 2913 |
| 5.25 அங்குலம், 1.2 எம்பி | 12,28,800 | 814 | 874 |
| 3.5 அங்குலம், 1.44 எம்பி | 14,74,560 | 679 | 729 |
| ஜிப் 100 | 10,06,63,296 | 10 | 11 |
| சிடி, 80 நிமிடம் | 73,72,80,000 | 2 | 2 |

ஜிப் டிஸ்க்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1990-களின் நடுவில் ஐஒமேகா விற்ற இந்த வட்டின் 100 எம்பி பத்தின் மடங்கு; விண்டோஸ் அதை 96 எம்பிக்கும் சற்றுக் குறைவாகக் காட்டும். மேலே உள்ள பட்டியலில் பத்தா பதினொன்றா என்பது எந்த ஜிபி என்பதைப் பொறுத்தே முடிவாகிறது.

சிடியின் கணக்கு நிமிடத்தில் பிறந்தது, இசைக்காக வந்த வட்டு என்பதால். நொடிக்கு 75 செக்டர். 80 நிமிடத்துக்கு 3,60,000 செக்டர். ஒவ்வொரு செக்டரிலும் 2352 பைட் எழுதப்பட்டாலும், கணினித் தரவு என்றால் அதில் 2048 மட்டுமே நமக்கு; மிச்சம் ஒத்திசைவுக்கும் பிழை திருத்தத்துக்கும். பெருக்கினால் 73,72,80,000 பைட், இரண்டின் மடங்கில் சுமார் 703 எம்பி. உறையில் 700 என்று போட்டது அந்த எம்பி. பழைய 74 நிமிட சிடி 68,19,84,000 பைட், அதாவது 650 எம்பி.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் ஒன்று இருக்கிறது. ஃபிளாப்பியின் நான்கு செக்டர் சேர்ந்தால் சிடியின் ஒரு செக்டர். ஒரு ஃபிளாப்பி 720 சிடி செக்டர். 3,60,000-ஐ 720-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 500. எண்பது நிமிட சிடி என்பது துல்லியமாக ஐந்நூறு ஃபிளாப்பி. சிடியின் சொந்த அடைவுக்குக் கொஞ்சம் இடம் தேவை என்பதால் நடைமுறையில் 499 ஃபிளாப்பிகளின் இமேஜை ஒரே சிடியில் வைக்கலாம்.

வீடியோ சிடி இன்னொரு கணக்கு. படத்தில் ஒரு புள்ளி பிசகினால் யாரும் கவனிக்கப் போவதில்லை என்பதால், பிழை திருத்தத்தைக் குறைத்துச் செக்டருக்கு 2324 பைட் படத்துக்கே தந்தார்கள். 700 எம்பி சிடியில் ஏறத்தாழ 798 எம்பி படம் ஏறியது. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டு விசிடியில் அடங்கியதும், மூன்று மணி நேரப் படத்துக்கு மூன்றாவது வட்டு வந்ததும் நிமிடக் கணக்கால்தான். இந்த வட்டுகளை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுகிறவர்கள் ஒரு வட்டுக்கு 700 எம்பி என்று ஒதுக்கினால் இடம் போதாது.

தவணை தவணையாக எழுதிய சிடிகளில் நேர்மாறு. ஒவ்வொரு தவணையும் ஓர் அமர்வு. முதல் அமர்வை மூடும்போது சுமார் 22 எம்பி, அடுத்த ஒவ்வோர் அமர்வுக்கும் சுமார் 13 எம்பி வீணாகும். பத்து முறை கொஞ்சம் கொஞ்சமாகப் புகைப்படங்களைச் சேர்த்த சிடியில் 550 எம்பி இருந்தாலே அது நிறைந்த சிடி.

டிவிடிக்கு வந்ததும் அளவுகோல் மறுபடி மாறிவிட்டது. 4.7 ஜிபி என்பது பத்தின் மடங்கு: டிவிடி-ஆர் 4,70,73,19,808 பைட், விண்டோஸ் கண்ணில் 4.38 ஜிபி. சிடியின் 700 ஒரு கணக்கு, டிவிடியின் 4.7 வேறு கணக்கு. ஒன்றை மற்றதால் வகுத்தால் 6.7 வரும், உண்மை 6.38. ஆறு நிறைந்த சிடிகளோடு ஏழாவதில் பாதியையும் ஏற்றலாம் என்று நினைப்பவருக்கு, எழுதும் மென்பொருள் இடமில்லை என்று சொல்லும்போதுதான் வித்தியாசம் தெரியும். டிவிடி+ஆர் என்ற பிளஸ் வகை வட்டு சுமார் 70 லட்சம் பைட் குறைவு என்பதால், டிவிடி-ஆர் என்ற மைனஸ் வட்டை விளிம்புவரை நிரப்பியவர் அதைப் பிளஸ் வட்டுக்கு அப்படியே நகலெடுக்க முடியாது.

அலுவலகங்களில் கிடக்கும், காப்பு நகலுக்கான எல்டிஓ காந்த நாடாக்களில் ஒரு எச்சரிக்கை போதும். 2000-இல் வந்த முதல் தலைமுறை 100 ஜிபி. தரவு பாதியாகச் சுருங்கும் என்று வைத்துக்கொண்டு 200 என்றும் அதையே குறிப்பிட்டார்கள். ஆறாம் தலைமுறையிலிருந்து அந்தப் பெருக்கல் இரண்டரை ஆயிற்று. ஜேபெக் படங்களும் காணொளியும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றுக்குச் சிறிய எண்ணை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும்.

தமிழ் உரையை மீட்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘அம்மா’ என்ற சொல் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் 4 பைட், பாமினி என்ற பழைய எழுத்துருவில் 5 பைட், இன்று எல்லா மொழிக்கும் பொதுவான ஒருங்குறியின் (யூனிகோட்) யுடிஎஃப்-8 வடிவில் 15 பைட். ஃபிளாப்பி காலத்தில் தட்டச்சு செய்த வெறும் உரைக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றினால் அளவு ஏறக்குறைய மூன்று மடங்காகும். இடைவெளிகளும் நிறுத்தக்குறிகளும் எண்களும் மட்டும் ஒரு பைட்டிலேயே நிற்கும். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களும் இப்படி ஒரு பைட் குறியாக்கங்களிலிருந்து ஒருங்குறிக்கு வந்தவைதான். ஆகவே ஒரு வட்டுக்குத் தேவையான இடத்தை ஒதுக்கும்போது மூலக் கோப்புக்கு ஒரு பங்கு, மாற்றிய கோப்புக்கு மூன்று பங்கு என்று நான்கு பங்காக எண்ணுங்கள். மூலத்தை அழிக்கக் கூடாது. எழுத்துரு மாற்றியில் பிழை இருந்தால் திரும்பிப் போக அது ஒன்றே வழி.

கோப்புகளை மட்டும் நகலெடுப்பதா, வட்டை அப்படியே இமேஜ் எடுப்பதா என்று கேட்டால், நான் தயங்காமல் இமேஜையே சொல்வேன். நூறு ஃபிளாப்பிக்கும் சேர்த்து 14,74,56,000 பைட். இன்றைய பென் டிரைவில் அது ஓர் ஓரம். அழித்த கோப்புகளின் மிச்சமும், பழைய தேதிகளும், வட்டுக்கு வைத்த பெயரும் இமேஜில் அப்படியே தங்கும். கோப்பு நகலில் இவற்றில் பல போய்விடும்.

இமேஜ் எடுத்ததும் அளவைப் பைட்டில் பாருங்கள். 14,74,560 இருக்க வேண்டும். 14,74,048 என்றால் ஒரு செக்டர் குறைகிறது. 512-ஆல் மிச்சமின்றி வகுபடாத எண் என்றால் நகல் பாதியில் அறுந்திருக்கிறது. சிடி தரவு இமேஜுக்கு 2048-ஐ வைத்து இதே சோதனை. அளவு சரியாக வந்தாலும், படிக்க முடியாத செக்டர்களைச் சுழியால் நிரப்பிவிடும் கருவிகள் உண்டு. ஆகவே எந்தெந்தச் செக்டர் படிக்கப்படவில்லை என்ற பதிவுக் கோப்பையும் இமேஜுடனேயே, அதே பெயரில் சேமித்துவையுங்கள். வேறொரு டிரைவில் அதே ஃபிளாப்பியைப் போட்டு, விடுபட்ட செக்டர்களை மட்டும் மறுபடி படிக்க அந்தப் பதிவு வேண்டும்.