நாலு நாள், நாலு வாரம்: உட்கட்சிச் சண்டைக்குப் பின் ஜெயித்ததும் தோற்றதும்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் யூனிட்டி என்றொரு சிற்றூர். பெயருக்கே ‘ஒற்றுமை’ என்றுதான் பொருள். 2008 ஜனவரியில் நடந்த ஜனநாயகக் கட்சி பிரைமரியில் (அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல்) அந்த ஊர் ஒபாமாவுக்கு 107 ஓட்டு, ஹிலாரி கிளின்டனுக்கும் 107 ஓட்டு போட்டிருந்தது. ஜூன் 27 அன்று இருவரும் அங்கேயே ஒன்றாக மேடையேறினார்கள். செட்டப்தான், ஆனால் நல்ல செட்டப்.

2008-ஐயும் 2016-ஐயும் பக்கத்தில் வைத்துப் பேசுபவர்கள் வழக்கமாகச் சொல்லும் தீர்ப்பு ஒன்று உண்டு. ஹிலாரி பெருந்தன்மையாக ஒதுங்கினார், ஒபாமா ஜெயித்தார். 2016 பிரைமரியில் ஹிலாரியிடம் தோற்ற பெர்னி சாண்டர்ஸ் இழுத்தடித்தார், ஹிலாரி பொதுத் தேர்தலில் தோற்றார். இதில் பாதிதான் சரி.

தேதிகள் அந்தத் தீர்ப்புக்குச் சாதகம்தான். 2008-இல் கடைசி பிரைமரி ஜூன் 3. நாலே நாளில் ஹிலாரி விலகி ஒபாமாவை ஆதரித்தார். வேட்பாளரை முறைப்படி அறிவிக்கும் டென்வர் கட்சி மாநாட்டில் வாக்கெடுப்பைப் பாதியில் நிறுத்தி, ஒபாமாவை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னவரும் அவரே. 2016-இல் கடைசி பிரைமரி ஜூன் 14. சாண்டர்ஸ் ஆதரவு தந்தது ஜூலை 12. நாலு வாரம். மாநாட்டுக்கு முன்பே கட்சியின் மின்னஞ்சல்கள் கசிந்து, தலைவர் பதவி விலக வேண்டியதாயிற்று. மாநாடு நடந்த பிலடெல்பியாவில் ‘ஹிலாரிக்குப் போடுங்கள்’ என்று சாண்டர்ஸ் சொன்னபோது அவருடைய ஆட்களே அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள்.

வாக்காளர் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2008-இல் ஹிலாரி ஆதரவாளர்களில் ஒரு கூட்டம் ‘பூமா’ என்று கிளம்பியது. அந்தப் பெயரின் விரிவை நாகரிகமாகத் தமிழில் சொன்னால், ‘கட்சி ஒற்றுமையாவது வெங்காயமாவது’. பிரைமரியில் ஹிலாரிக்குப் போட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் பொதுத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் மெக்கெய்னுக்குப் போட்டதாக ஓர் ஆய்வு சொல்கிறது. 2016-இல் சாண்டர்ஸிடமிருந்து ட்ரம்புக்குப் போனவர்கள் சுமார் 12 சதவீதம். அதாவது அதிகம் பேர் தாவிய ஆண்டில்தான் கட்சி ஜெயித்தது!

காரணம் ஓட்டு வித்தியாசத்தில் இருக்கிறது. புஷ் ஆட்சி மீதான வெறுப்பு, செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவால் எல்லாம் சேர்ந்து ஒபாமாவை ஏழு சதவீதப் புள்ளி முன்னால் தள்ளின. நாலில் ஒருவர் போனாலும் தாங்கியது. 2016-இல் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்தே இடைவெளி 78 ஆயிரம் ஓட்டுக்குள். அந்த நிலையில் எந்தப் பிளவும் உயிர்ப்பிளவு. சாண்டர்ஸை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆதரவு அறிவித்த பிறகு அவர் ஹிலாரிக்காக ஊர் ஊராகப் பேசினார். அவருக்குப் போட்டவர்களில் பலர் முதலிலிருந்தே அந்தக் கட்சிக்காரர்கள் அல்ல.

எதிர்ப்பக்கத்து உதாரணம் 1980. நியூயார்க் மாநாட்டு மேடையில் அப்போதைய அதிபர் கார்ட்டர், பிரைமரியில் தன்னை எதிர்த்துத் தோற்ற எட்வர்ட் கென்னடியோடு கை உயர்த்தி நிற்கப் பார்த்தார். கென்னடி கை குலுக்கினார், உயர்த்தவில்லை. அந்தக் காட்சியைத் தோல்விக்குக் காரணமாகச் சொல்வார்கள். அதிபரை முடிவுசெய்யும் தேர்வாளர் ஓட்டில் குடியரசுக் கட்சியின் ரீகனுக்கு 489, கார்ட்டருக்கு 49 என்று முடிந்த தேர்தலில் ஒரு கை என்ன செய்திருக்கும்?

என் கணிப்பில் சரியான ஜோடி 2016-உம் 2020-உம்தான். இரண்டுமே மயிரிழைத் தேர்தல்கள்: 2020-இல் ஜார்ஜியா, அரிசோனா, விஸ்கான்சின் மூன்றும் மாறியிருந்தால் தேர்வாளர் ஓட்டு 269–269 சமநிலை; அங்கே இடைவெளி 43 ஆயிரம் ஓட்டுக்குள். இம்முறை சாண்டர்ஸ் ஏப்ரல் 8 அன்று விலகி, ஐந்தே நாளில் பைடனை ஆதரித்தார். பைடனும் சும்மா கை குலுக்கவில்லை. கொள்கை எழுத ஆறு கூட்டுக் குழுக்கள் அமைத்து, அவற்றில் சாண்டர்ஸின் ஆட்களுக்கு நாற்காலி போட்டார். 2016-இலும் சாண்டர்ஸின் கோரிக்கைகள் சில கட்சி அறிக்கையில் ஏறின, ஆனால் சண்டை போட்டு, ஜூலையில். இன்னொன்றும் உண்டு: 2020 மாநாடு கொரோனாவால் பெரும்பாலும் திரையில் நடந்தது. கூச்சல் போட அரங்கமே இல்லை.