பாரத் கிருஹ ரக்ஷா: வாடகைக்கு விட்ட வீட்டில் தீப்பிடித்தால் எவ்வளவு கைகொடுக்கிறது?

இந்தியாவின் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 2021 ஏப்ரல் 1 முதல் ஒரே வாசகத்தில் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துக் கொடுத்த வீட்டுக் காப்பீடுதான் பாரத் கிருஹ ரக்ஷா. சென்னையில் நான் வாடகைக்கு விட்டிருந்த மாடி வீட்டில், குடித்தனக்காரரின் ஃப்ரிட்ஜில் மின்கசிவு ஏற்பட்டுச் சமையலறை எரிந்து, கூடம் வரை கரி படிந்தபோது, இந்தப் பாலிசி நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதை நேரில் பார்க்க முடிந்தது.

பாலிசியின் வடிவமைப்பில் எனக்குப் பெரிய குறையில்லை. பழைய தீக்காப்பீட்டில், கட்டி முடிக்க 30 லட்ச ரூபாய் ஆகும் வீட்டை 20 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், 6 லட்ச ரூபாய் சேதத்துக்கு 4 லட்சம்தான் கைக்கு வரும். இதில் அந்த விகிதக் கழிவு கிடையாது. மனையின் விலையை விட்டுவிட்டுக் கட்டுமானச் செலவை மட்டும் கணக்கில் எடுப்பதால் பிரீமியமும் கையைக் கடிப்பதில்லை. இடிபாடுகளை அகற்ற இழப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் வரையும், பொறியாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் தருகிறார்கள்.

வீட்டு உரிமையாளருக்கு இதில் மிகவும் பயன்படுவது வாடகை இழப்புக்கான பிரிவு. ஆனால் முகவர்கள் அதைப் பற்றி வாய் திறப்பதே அரிது. வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்று கட்டடக் கலைஞரிடமோ உள்ளாட்சி அமைப்பிடமோ சான்று பெற்றுக் கொடுத்தால், பழுதுபார்க்கும் காலத்துக்கான வாடகையைக் கோரலாம். இதற்கான தொகையும் காலமும் பாலிசி அட்டவணையில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதை வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், வாடகையை ரொக்கமாக வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கோரிக்கையை நிரூபிக்கத் திணறுவார்கள்.

சிக்கல் தொடங்குவது பொருள்களில்தான். கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்ச ரூபாய் வரை, வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே பாதுகாப்பு உண்டு என்று விளம்பரம் செய்கிறார்கள். அது உரிமையாளரின் பொருள்களுக்கே பொருந்தும். குடித்தனக்காரரின் கட்டில், பீரோ, துணிமணி எதுவும் இதில் அடங்காது. சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் உருகிப்போன சுவிட்ச் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, புகைபோக்கி, மர அலமாரி, கீசர் என ஒவ்வொன்றாகக் காட்டி, "இது யார் போட்டது சார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் பட்டியலிடப்பட்டிருந்த கீசரும் மின்விசிறிகளும் மறுபேச்சின்றி ஏற்கப்பட்டன. குடித்தனக்காரர் தம் செலவில் மாட்டிய அலமாரி விலக்கப்பட்டது, அது நியாயமும்கூட. மின்கோளாறால் எந்தக் கருவியில் தீ தொடங்கியதோ அந்தக் கருவிக்கு இழப்பீடு இல்லை என்பதும், அதிலிருந்து பரவிய சேதத்துக்கு உண்டு என்பதும் தெரிந்திருக்க வேண்டிய இன்னொரு விலக்கு.

சமையல் எரிவாயுவால் தீப்பிடித்திருந்தால் வேறொரு வழியும் உண்டு. எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துவைத்திருக்கும் காப்பீட்டில், இணைப்பு பதிவான முகவரியில் நேரும் சொத்துச் சேதத்துக்கு விபத்து ஒன்றுக்கு 2 லட்ச ரூபாய் வரை கிடைக்கும். முகவரியை மாற்றாமல் சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு குடிவருபவர்களுக்கு அது கைநழுவும்.

சேவையைப் பொறுத்தவரை, நான் பாலிசி எடுத்திருந்த நிறுவனத்துக்கு நடுத்தர மதிப்பெண்தான் தருவேன். சர்வேயர் விரைவில் வந்தார், கண்ணியமாகவும் நடந்துகொண்டார். அலுவலகமோ தீயணைப்புத் துறையின் சான்று, மின்பணியாளரின் மதிப்பீடு, சொத்துவரி ரசீது என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு புதிய ஆவணத்தைக் கேட்டு இழுத்தடித்தது. எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுத்தில் கேட்டு வாங்கியதும்தான் கோப்பு நகர்ந்தது. அப்படியும் நகராவிட்டால், நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதிய பிறகு, 50 லட்ச ரூபாய் வரையிலான பிணக்குகளைக் கட்டணமின்றி விசாரிக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடலாம்.

இழப்பீடு முடிவாகும் முன்பு, அட்வான்ஸ் தொகையை நேர்செய்துகொண்டு, 'இனி ஒருவர்மீது ஒருவருக்குக் கோரிக்கை இல்லை' என்று குடித்தனக்காரருடன் எழுதிக் கையெழுத்திடுவது ஆபத்தானது. தீக்குக் காரணமானவரிடமிருந்து பணத்தை மீட்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு; அதை நாமே விட்டுக்கொடுத்ததாகச் சொல்லி இழப்பீட்டை மறுக்க இடம் கொடுத்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் இந்தப் பாலிசியை வாங்கச் சொல்வேன். குடித்தனக்காரர் தம் பொருள்களுக்கு மட்டும் இதே பாலிசியைத் தம் பெயரில் எடுக்க முடியும் என்பதால், அடுத்த ஒப்பந்தத்தில் அதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்திருக்கிறேன்.