ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்களே, இன்ஷூரன்ஸ் சர்வேயர் வருவதற்கு முன் இதைப் படியுங்கள்

"வீட்டு பாலிசியிலேயே எல்லாம் அடங்கும் சார்" என்று ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாதீர்கள். என் கிளெய்மில் அந்த வார்த்தைக்கு எந்த மதிப்பும் இருக்கவில்லை.

பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது, ஆன்டெனா மேல் இல்லை. ஆன்டெனா கேபிளான கோஆக்ஸ் வழியே ஏறிவந்த திடீர் மின்னழுத்தப் பாய்ச்சலில் (சர்ஜ்) எச்எஃப் டிரான்ஸீவரின், அதாவது சிற்றலையில் பேசவும் கேட்கவும் உதவும் கருவியின், ரிசீவர் பகுதி செத்தது. ஆன்டெனாவைத் திருப்பும் ரொட்டேட்டரின் கன்ட்ரோலரும் போனது. வந்த சர்வேயர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "கருகின தடயமே இல்லையே, பழசாகிப் போயிருக்கும்" என்று எழுதிக்கொண்டார். மின்னல் தூண்டும் மின்னழுத்தம் ஒரு டயோடைக் கொல்ல மைக்ரோ விநாடிகள் போதும், வெளியே கீறல்கூடத் தெரியாது. எவ்வளவு சொல்லியும் காதில் வாங்கவில்லை.

பிறகு வந்த கடிதம் இன்னும் மோசம். "ஒலிபரப்புக் கருவி, தொழில் உபயோகம்" என்று கிளெய்மையே தள்ளிவிட்டார்கள். இதைப் படித்துக் கொதித்துப் போனேன். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ரேடியோ விதிமுறைகள், பிரிவு 1.56, அமெச்சூர் சேவையை, அதாவது ஹாம் ரேடியோவை, பண ஆதாயம் இல்லாத தனிப்பட்ட ஆர்வமாகத்தான் வரையறுக்கிறது. சம்பாதிக்கக் கூடாது என்பதே எங்கள் லைசென்ஸின் அடிப்படை! அந்தப் பிரிவையும் லைசென்ஸ் நகலையும் இணைத்து எழுத்தில் அனுப்பிய பிறகுதான் இறங்கிவந்தார்கள்.

இறங்கிவந்தும் என்ன? மதிப்பீட்டில் டிரான்ஸீவர் வெறும் "ரேடியோ" ஆகிவிட்டது. பாட்டுக் கேட்கும் பெட்டிக்குப் போடும் விலை, அதிலும் தேய்மானக் கழிவு. ஆன்டெனாவும் டவரும் வீட்டுப் பொருள் கணக்கிலேயே வரவில்லை.

ஆகவே ஒவ்வொரு கருவியின் மாடல், சீரியல் நம்பர், பில் எல்லாம் இன்றே படமெடுத்து வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். கருவிகள் பாலிசியில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா, டவர் எந்தப் பிரிவில் வருகிறது, கிடைப்பது புதுப்பொருள் விலையா தேய்மானம் போக மிச்சமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேதமானால் ரேடியோ பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் எந்தப் பாகம் எதனால் போனது என்று அறிக்கை வாங்குங்கள். செத்த போர்டைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் சாட்சி.

"முழுத் தீர்வு" என்று அச்சடித்த ரசீதில் கையெழுத்துப் போடச் சொல்லி இப்போது தினமும் அழைக்கிறார்கள். நான் போடவில்லை. மறுமதிப்பீடு கேட்டிருக்கிறேன், இந்த முறை மூடியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவரை அனுப்பச் சொல்லி.