வாட்டத்துக்கு யார் கையெழுத்து? லேண்ட்ஸ்கேப் தொழிலில் நாட்டுக்கு ஒரு வழி

சென்னைக்குத் தெற்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. பெயர் வேண்டாம். அதன் தோட்டத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவள் நான்தான்; கட்டடத்தைச் சுற்றியுள்ள நிலத்தையும் மரத்தையும் தண்ணீர் ஓட்டத்தையும் வடிவமைக்கும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட். வேலை நடக்கும்போது நர்சரிக்காரர், கொரியன் புல் நன்றாகப் பிடிக்கட்டும் என்று இரண்டு லோடு செம்மண்ணைக் கூடுதலாகக் கொட்டிவிட்டார். தெருவைப் பார்த்து இருந்த வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, கட்டடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. ஐப்பசி மழையில் லிஃப்ட் குழிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அசோசியேஷன் கூட்டத்தில் பில்டர் என்னைப் பார்த்தார், நான் நர்சரிக்காரரைப் பார்த்தேன், அவர் மேஸ்திரியைத் தேடினார். மேஸ்திரி ஊருக்குப் போயிருந்தார்.

எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் போன மாதம் கேட்டாள்: "மேம், அமெரிக்கா போய் லைசென்ஸ் வாங்கலாமா, இங்கிலாந்து போகலாமா, இல்லை இங்கேயே இருந்துவிடலாமா?" சம்பளம், விசா எல்லாம் அவள் பெற்றோர் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். நான் அந்த லிஃப்ட் குழியை மனதில் வைத்துத்தான் ஒப்பிட்டுப் பார்த்தேன். தண்ணீர் தப்பான பக்கம் ஓடினால் யார் கையெழுத்தைத் தேடுவார்கள்? நட்ட மரம் பத்து வருடம் கழித்தும் இருக்கிறதா என்று யார் வந்து பார்ப்பார்கள்?

முதலில் அமெரிக்கா. கெடுபிடி அதிகம் அங்கேதான். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓல்ம்ஸ்டெட்டும் வாக்ஸும் 'லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரைத் தொழிற்பெயராக நிலைநாட்டிய ஊர். தொழில் சங்கம் 1899-இல் வந்தது. 1953-இல் கலிஃபோர்னியா முதல் உரிமச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இன்று 50 மாநிலங்களிலும் உரிமம் உண்டு. அங்கீகாரம் பெற்ற பட்டம், உரிமம் உள்ளவரின் கீழ் சில வருட வேலை, அப்புறம் 'லேர்' என்று சொல்லப்படும் நான்கு பகுதித் தேர்வு. பொதுவான வழி இதுதான். அந்த நான்கில் ஒரு பகுதி முழுக்க மண்மட்டம், வடிகால், மழைநீர். நம் மேஸ்திரி 'வாட்டம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் விஷயத்துக்கு அங்கே தனித் தேர்வு.

காரணம், அந்தச் சட்டங்கள் அழகைக் காக்க வந்தவையல்ல. பொதுமக்களின் உடல்நலம், பாதுகாப்பு என்ற பெயரில் வந்தவை. படிக்கட்டில் யாரும் இடறக் கூடாது, தாங்குசுவர் சரியக் கூடாது, பக்கத்து வீட்டுக்குள் தண்ணீர் புகக் கூடாது. வரைபடத்தில் உங்கள் முத்திரை விழுந்தால் பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

ஆனால் இந்த உரிமம் சூழலைக் காப்பாற்றிவிட்டதா என்று கேட்டால், தானாகக் காப்பாற்றவில்லை என்றுதான் சொல்வேன். பாலைவனத்துப் புறநகர்களில் கூடப் பச்சைப் புல்தரை பரந்தது உரிமம் இருந்த காலத்தில்தான். கலிஃபோர்னியாவில் பிடி இறுகியது வேறொரு விதியால். அந்த மாநிலத்தின் நீர்ச்சிக்கன விதி, 2015-இல் திருத்தப்பட்டபின், 500 சதுர அடி உள்ள சின்னப் புதிய தோட்டத்துக்கும் பொருந்துகிறது. அந்த ஊர் வெயிலில் எவ்வளவு நீர் ஆவியாகும் என்று பார்த்து, வீட்டுத் தோட்டமானால் 0.55, மற்றவற்றுக்கு 0.45 என்று ஒரு எண்ணால் பெருக்கி, வருடத்துக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று வரம்பு கட்டுகிறார்கள். அந்த வரம்புக்குள் புல்லை விரித்தால் வேறெங்கோ குறைத்தாக வேண்டும். தோட்டத்துக்கும் மாதச் சம்பளம் மாதிரி ஒரு தண்ணீர் பட்ஜெட். கணக்கின் அடியில் தகுதியுள்ள ஒருவரின் கையெழுத்து வேண்டும். அவர் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உரிமம் உள்ள கான்ட்ராக்டரும் போடலாம், சான்று பெற்ற நீர்ப்பாசன வடிவமைப்பாளரும் போடலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது. யார் போட்டாலும் சரி, ஒரு பெயர் இருக்கிறதே.

கட்டடத்தை விட்டுவிட்டு நிலத்துக்கு மட்டும் மதிப்பெண் போடும் 'சைட்ஸ்' தரச்சான்றும் அங்கே பிறந்ததுதான். 200 புள்ளியில் 70 எடுத்தால் தேர்ச்சி. பெரும்பாலும் விரும்பியவர் எடுத்துக்கொள்ளும் சான்று என்பதால் அதை இங்கே நீட்டவில்லை.

பிரிட்டனுக்கு வந்தால் கதை தலைகீழ். அங்கே யார் வேண்டுமானாலும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். 1929-இல் தொடங்கி 1997-இல் அரச சாசனம் பெற்ற லேண்ட்ஸ்கேப் இன்ஸ்டிட்யூட், வழிகாட்டி ஒருவரின் துணையோடு பயிற்சி முடித்து வாய்மொழித் தேர்வில் தேறியவருக்கு 'சாசனம் பெற்ற' என்ற அடைமொழியைத் தருகிறது. காவல் அந்த அடைமொழிக்குத்தான், தொழிலுக்கு அல்ல.

ஆளை அவிழ்த்துவிட்ட நாடு நிலத்தைக் கட்டிப்போட்டிருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கி, இங்கிலாந்தில் சில விலக்குகள் தவிர எந்தக் கட்டுமானமும், முன்பு அந்த இடத்தில் இருந்த உயிர்ச்சூழல் மதிப்பைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகக் காட்ட வேண்டும். அதில் முக்கியமான பகுதிகளை 30 வருடம் பராமரிக்கவும் வேண்டும். 30 வருடம்! நம் ஊர் ஒப்பந்தங்களில் நான் எழுதிக் கேட்பது ஒரு வருடப் பராமரிப்பு. அதையே 'ஆறு மாசம் போதுமே' என்று பேரம் பேசுவார்கள். வேல்ஸ் இன்னும் ஒரு படி மேலே. அங்கே 2019 ஜனவரியிலிருந்து, ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகள் கட்டினாலோ கட்டுமானப் பரப்பு 100 சதுர மீட்டரை எட்டினாலோ, மழைநீரை இடத்திலேயே தேக்கி ஊறவிடும் வடிகால் அமைப்புக்குத் தனி ஒப்புதல் வாங்க வேண்டும். இதற்கு வழி செய்த 2010-ஆம் வருடச் சட்டம் இங்கிலாந்துக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. வேல்ஸ் நடைமுறைப்படுத்தியது, இங்கிலாந்து அந்த அத்தியாயத்தை மூடியே வைத்தது.

சிங்கப்பூரைப் பற்றி ஒரு வார்த்தை. பீஷான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் சிமெண்ட் கால்வாயை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக 2012-இல் திறந்தார்கள். மழை வந்தால் ஆறு பூங்காவுக்குள் விரிகிறது, வடிந்ததும் பிள்ளைகள் இறங்கி விளையாடுகிறார்கள். அதை நடத்திக்காட்டியது உரிமச் சட்டமல்ல, தண்ணீர் வாரியமும் பூங்கா வாரியமும் ஒரே மேசையில் உட்கார்ந்தது. நம்மால் சட்டத்தைக்கூட நகலெடுக்கலாம், இதை நகலெடுப்பதுதான் கஷ்டம்.

சரி, நம் கதை. 1972-ஆம் வருடத்து ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டப்பெயரைக் காக்கிறது. தொழிலையே பதிவு பெற்றவருக்கு மட்டும் ஒதுக்கவில்லை, பெயரை மட்டும்தான் காக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்திவிட்டது. வேடிக்கை அதன் 37-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தப் பெயர்க் காவலிலிருந்து விலக்கு பெற்றவர்களில் இரண்டு பேர்: லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட், கப்பல் வடிவமைக்கும் நேவல் ஆர்க்கிடெக்ட். நம்மைக் கப்பல்காரர்களோடு ஒரே வரியில் உட்காரவைத்து, 'நீங்கள் போகலாம்' என்று அனுப்பிவிட்டார்கள். நமக்கென்று தனிச் சட்டமும் பிறகு வரவில்லை. 2003-இல் தொடங்கிய ஐசோலா என்னும் இந்திய லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் சங்கம் உறுப்பினருக்குத் தகுதி வைத்திருக்கிறது. உறுப்பினராகாமல் தொழில் செய்தால் கேட்பாரில்லை.

விதிகளே இல்லை என்று சொல்லவும் முடியாது. தேசிய கட்டட விதித்தொகுப்பு, 5 ஹெக்டேருக்கு மேல், பெருநகரங்களில் 2 ஹெக்டேருக்கு மேல் உள்ள இடங்களின் தோட்ட வரைபடத்தை லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டின் வேலை என்கிறது. ஆனால் அது பரிந்துரை. அதோடு 2 ஹெக்டேர் என்றால் ஏறத்தாழ 5 ஏக்கர். சென்னைக்குள் அவ்வளவு பெரிய மனை எத்தனை பேரிடம் இருக்கிறது? தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதம் திறந்தவெளி விட வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். பரப்பளவைக் கேட்கிறார்கள், குழியைக் கேட்கிறார்கள். தண்ணீர் அந்தக் குழி வரைக்கும் போய்ச் சேருமா என்பதற்கு யார் பெயரும் இல்லை.

மரத்துக்கும் அப்படித்தான். நாலே வருடத்தில் பச்சைச் சுவராக நிற்கும், தண்ணீர் ஊற்றாவிட்டாலும் சாகாது என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை லேஅவுட் லேஅவுட்டாக நட்டோம். 2023-இல் குஜராத் தடை போட்டது, 2025-இல் தமிழ்நாடும் போட்டது. நட்டவர் யார், எந்த வரைபடத்தைப் பார்த்து நட்டார் என்று தேடினால் ஒரு காகிதமும் கிடைக்காது. பூவரசும் புன்னையும் இருந்த ஊரில் அதைத் தேர்ந்தெடுத்தது யார் என்று நர்சரிக்காரரைக் கேட்டால், "பார்ட்டிதான் கேட்டாங்க" என்பார். பொய்யும் இல்லை.

இப்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பிரிட்டன் பக்கம்தான் சாய்வேன், வேல்ஸ் பக்கம் என்று இன்னும் குறிப்பாக. அமெரிக்கா மாதிரித் தேர்வு வைத்து ஆளை வடிகட்ட இங்கே எத்தனை வருடம் ஆகுமோ. 100 சதுர மீட்டர் கட்டினாலே வடிகாலுக்குத் தனி ஒப்புதல் என்று ஒரு விதி வந்தால், யாரை வேலைக்கு வைப்பது என்று பில்டரே யோசித்துக்கொள்வார். கையெழுத்தையும் சேர்த்துக் கேட்டால் இன்னும் நல்லது. அது கலிஃபோர்னியாவிடம் வாங்க வேண்டிய பாடம்.

அதுவரை என் ஒப்பந்தத்தில் மூன்று வரி சேர்த்திருக்கிறேன். மண் கொட்டிய பிறகு மட்டத்தை மறுபடி அளப்பது என் பொறுப்பு. அளந்து நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நர்சரிக்காரருக்குக் கடைசித் தவணை. ஒப்படைக்கும் முன் லாரித் தண்ணீர் வரவழைத்து எல்லார் முன்னாலும் கொட்டிப் பார்ப்போம். இரண்டு பில்டர்கள் இந்த வரிகளைப் பார்த்துவிட்டு வேறு ஆளிடம் போய்விட்டார்கள். மூன்றாமவர் தண்ணீருக்குக் காசு யார் கொடுப்பது என்று மட்டும் கேட்டார்.

பயிற்சிப் பெண் இப்போது அந்த அமெரிக்கத் தேர்வின் வடிகால் பகுதியைப் படித்துக்கொண்டிருக்கிறாள். எழுதப் போகிறாயா என்றேன். "இல்லை மேம், பள்ளிக்கரணை சைட்டில் சனிக்கிழமை லாரி வருது" என்றாள்.