கேஸ்ட்ரிக் கிருமி டெஸ்ட்டு: ரத்தமா, மூச்சா, மலமா?

சுங்கை சிப்புட் பக்கம் இருக்கறவங்களுக்காகத்தான் இத எழுதறேன். நம்ம ஊர்ல வயிறு எரியுது, சாப்பிட்டா உப்புசமா இருக்குன்னு கிளினிக் போனா கேஸ்ட்ரிக்னு சொல்லி ஒமெப்ரசோல்ங்கற அமிலம் கொறைக்கற மாத்திரைய குடுத்து அனுப்பிடறாங்க, உள்ள எச். பைலோரி கிருமி இருக்கான்னு பாக்கறது ரொம்ப கொறச்சல். மலேசியாவுல செஞ்ச ஆய்வுங்கள்ல மலாய்க்காரங்கள விட இந்தியர், சீனர்கிட்டதான் இது அதிகம்னு திரும்பத் திரும்ப வந்திருக்கு. அல்சருக்கும் இது முக்கிய காரணம், வயித்துப் புற்றுநோய்க்கும் காரணம்னு 1994லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் பிரிவு அறிவிச்சிருச்சு. அதனால டெஸ்ட்டு எடுங்க, ஆனா எத எடுக்கறீங்கன்னு பாத்து எடுங்க.

எங்க வீட்டுல ஆளுக்கு ஒரு டெஸ்ட்டுன்னு ஆயிருச்சு. அம்மாவுக்கு ஒரு கிளினிக்ல ரத்த டெஸ்ட்டு. மலிவு, ரிசல்ட்டும் சீக்கிரம், பாசிட்டிவ்னு வந்துச்சு. ஆனா அம்மா இந்தக் கிருமிக்கு முன்னாடியே ஆன்டிபயாட்டிக் முழு கோர்ஸ் சாப்பிட்டவங்க! ரத்தத்துல பாக்கறது கிருமிய இல்ல, அதுக்கு எதிரா உடம்பு உண்டாக்கின ஆன்டிபாடிய, அது கிருமி செத்த பிறகும் மாசக்கணக்கா, சிலருக்கு வருசக்கணக்கா இருக்கும். இத அந்த கிளினிக்ல யாரும் சொல்லல, மறுபடியும் மருந்து எழுத ஆரம்பிச்சிட்டாங்க, எனக்கு கோவமே வந்துருச்சு. அப்புறம் ஈப்போவுல மூச்சு டெஸ்ட்டு எடுத்தா நெகட்டிவ். மருந்து வேலை செஞ்சுதான்னு பாக்க ரத்த டெஸ்ட்டு உதவவே உதவாது.

எனக்கு எடுத்ததும் மூச்சு டெஸ்ட்டுதான், என் ஓட்டு அதுக்குத்தான். வெறும் வயித்தோட போகணும், மொதல்ல ஒரு பையில ஊதணும், அப்புறம் யூரியா கலந்த தண்ணி குடிச்சிட்டு அர மணி நேரம் கழிச்சு மறுபடியும் ஊதணும், அவ்வளவுதான், ஊசி இல்ல வலி இல்ல. கிருமி இருந்தா அந்த யூரியாவ ஒடச்சிரும், அதுல இருக்கற கார்பன் 13 மூச்சுல வெளிய வரும், அத மெசின் அளக்குது. கார்பன் 13ல கதிர்வீச்சு கெடையாது, கார்பன் 14 வச்சு செய்யற எடமும் உண்டு, அதுல கொஞ்சம் இருக்கு, கர்ப்பமா இருக்கறவங்க அத தவிர்க்கணும். நான் போன எடத்துல எனக்கு ரொம்ப புடிச்சது, அப்பாயின்மென்ட் வைக்கும்போதே போன்ல என்னென்ன மருந்து சாப்பிடறீங்கன்னு நர்ஸ் பொறுமையா கேட்டாங்க. ஒமெப்ரசோல் மாதிரி மாத்திரைய 2 வாரம் முன்னாடி நிறுத்தணும், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு 4 வாரம் ஆகியிருக்கணும், இல்லன்னா கிருமி இருந்தும் இல்லன்னு காட்டிரும். அல்சர்ல ரத்தம் போனவங்க, ஆஸ்பிரின் சாப்பிடறவங்க டாக்டர கேக்காம ஒமெப்ரசோல் மாதிரி மாத்திரைய நிறுத்தாதீங்க. கொற ஒண்ணே ஒண்ணு, செலவு. ரத்த டெஸ்ட்ட விட கூட, ஈப்போ போய் வரவும் அர நாள் போயிரும்.

அண்ணன் செம்பனை தோட்டத்துல வேலை, லீவு கெடைக்காது, அவருக்கு மல டெஸ்ட்டு. கூச்சப்பட்டு ரொம்ப நாள் இழுத்தாரு. ஆனா இது கிருமியோட ஆன்டிஜெனையே, அதாவது கிருமியோட உடம்புல இருக்கற புரதத்தையே தேடறது, நல்ல லேப்ல செஞ்சா மூச்சு டெஸ்ட்டுக்கு கிட்டத்தட்ட சமம். மாத்திரைய நிறுத்தற கணக்கு இதுக்கும் அதேதான். டப்பாவ நேரத்தோட லேப்ல குடுத்துரணும், நம்ம ஊரு வெயில்ல மோட்டார் சீட்டுக்கு அடியில வச்சிட்டு சுத்தக்கூடாது. தூரமா போக முடியாதவங்களுக்கு நான் இதத்தான் சொல்வேன்.

எடை கொறையுது, மலம் கறுப்பா போகுது, விழுங்க முடியல, வாந்தி நிக்கல, இல்ல வயசானவங்களுக்கு புதுசா வயித்துக் கோளாறு, இப்படின்னா இதுல எதுவும் வேணாம், நேரா ஸ்கோப், அதாவது வாய் வழியா கேமரா குழாய் விட்டு பாக்க கேளுங்க, அதுலயே சின்ன சதை எடுத்து கிருமியையும் பாத்துருவாங்க.

கிருமி இருந்து மருந்து சாப்பிட்டா, முடிச்சு 4 வாரமாவது கழிச்சு மூச்சு இல்லன்னா மல டெஸ்ட்டு மறுபடியும் எடுக்கணும். அண்ணனுக்கு அது அடுத்த மாசம்.